நான்கு கோபுரங்களில் ஒன்றின் கீழே

தரிசனம் முடித்து வெளியே வந்து, சிதம்பரம் கோயிலின் கோபுர வாசலில் உச்சி வெயிலில் நிற்கிறேன். இடுப்பில் கைக்குழந்தை பசியில் வீறிட்டு அழுகிறாள். பால் புட்டி கணவரிடம் இருக்கிறது. அவர் எங்கள் செருப்புகளுக்குக் காவலாக வாசலிலேயே இருந்துவிட்டார். ஆனால் இங்கே அவரைக் காணவில்லை.

போன் செய்கிறேன். "எங்க இருக்கீங்க?"

"கோபுரத்துக்குக் கீழதான்."

"நானும் கோபுரத்துக்குக் கீழதான் நிக்கிறேன்!"

பூ விற்கும் அக்கா சிரிக்கிறார். "இது மேக்கு வாசல்மா. நீங்க கெழக்கால வந்திருப்பீங்க."

"நாலும் ஒரே மாதிரி இருந்தா என்னக்கா பண்றது?"

"ஒரு ராஜா கட்டுனதப் பாத்து இன்னொரு ராஜா கட்டுனா, வேற எப்படி இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கள் அதிகாரம் ஊர் எல்லையிலிருந்தே தெரிய வேண்டும் என்றுதான் அரசர்கள் இவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். அத்தனை கல்லைச் சுமக்க ஆள் கிடைத்தது; பிள்ளையோடு வருகிறவள் எங்கே உட்காருவாள் என்று யோசிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு திரும்பிப் போவதா? அவரை வரச் சொன்னால் எந்த வாசலுக்குப் போவாரோ? புட்டியை நானே வைத்திருக்கலாம்.

"நீயே பால் குடேன்மா."

"இங்கயா? கோயில் வாசல்லயா?"

"ராஜா எறங்கி வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஒக்காரு."

அக்கா கூடையை நகர்த்தி, எனக்கு மறைப்பாக உட்கார்ந்துகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்குகிறது.

போன் அடிக்கிறது. இரண்டு கையிலும் குழந்தை இருக்கிறாள். அடிக்கட்டும்.