பிள்ளையைப் போல

மெல்போர்னில் எங்கள் ஆட்கள் யாராவது இறந்தால், மண்டபத்துக்குச் சொன்ன கையோடு எனக்கும் சொல்லிவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை, கல்வெட்டு என்று நாங்கள் சொல்வதை, எழுதுகிறவன் நான். முதலில் இரண்டு பக்கம் வாழ்க்கை வரலாறு, பிறகு தேவாரங்கள். குடித்து அழிந்தவரைக் கலகலப்பானவர் என்று எழுதியிருக்கிறேன். பெண்டாட்டியை அடித்தவரைக் கண்டிப்பானவர் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் எங்கள் சங்கத் தலைவர் இறந்தார். டைல்ஸ் பதிக்கிறவர். நோபல் பார்க்கில் பாதி வீடுகளின் குளியலறைத் தரை அவர் கை பட்டது. அந்த வேலையில் முழங்கால் இரண்டும் போய், கடைசிக் காலத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். விசா இல்லாமல் வந்த பொடியன்களை யாராவது சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் சம்பளமில்லாமல் வேலை வாங்கினால், அந்தக் காலோடு நேரே போய்க் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "நான் ஏழு வயசில இருந்து ஒரு வீட்டில அடிமையா இருந்தனான். அதுக்கு வேற பேர் இல்லை. பாஸ்போர்ட்டை ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ."

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்த எனக்குத் தெரியும். அது எங்கள் வீடு.

தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டி வந்தபோது எனக்கு ஐந்து வயது. தண்ணீர் அள்ளுவதும் விறகு கொத்துவதும் அவர் வேலை. என் புத்தகப் பையைப் பள்ளிக்கூட வாசல் வரை சுமந்து வந்து, என்னிடம் தந்துவிட்டுத் திரும்பிப் போவார். அம்மா அவரை அகப்பைக் காம்பால் அடிப்பா. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, குசினி வாசலில் குந்தியிருந்து தகரக் கோப்பையில் சாப்பிடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்னைச் சின்னையா என்பார். நான் அவரை டேய் என்பேன். ஊரில் யாராவது கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "எங்கட பிள்ளை மாதிரித்தான் வளக்கிறம்." பத்தொன்பது வயதில் அவர் கொழும்புக்கு ஓடிப்போய் ஒரு மேசனிடம் வேலை பழகினார்.

பல வருடங்களுக்குப் பிறகு இங்கே ஸ்பிரிங்வேல் சந்தையில், மீன் வாங்குகிற இடத்தில், என்னைக் கண்டார். "தம்பி, சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டார். அண்ணை என்று திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவர் சங்கத்துக்குத் தலைவரானது எனக்கு வசதியாகப் போய்விட்டது. தலைவர் என்று கூப்பிட்டுத் தப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோவிலில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார். சங்கத்துக் கதைகள் பேசுவோம். சிலவேளை பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எழும்பி, இன்னும் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பேன்.

அவர் இறந்து இரண்டாம் நாளே அவருடைய மகள் கல்வெட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். விஷயம் என் அக்காவின் காதுக்கும் போனது. இறந்துபோன அம்மா அப்பாவின் பெயரைச் சந்திக்கு இழுக்க வேண்டாம் என்று போனில் சொன்னாள். எனக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 'மலையகத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் பிள்ளையைப் போல வளர்ந்து' என்று ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். அம்மாவின் வசனம்தான், கொஞ்சம் மெருகேற்றியிருந்தேன்.

மகள் அந்தத் தாளோடு வந்து, அவர் வழமையாக இருக்கும் கதிரையில் இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழை விரல் வைத்துத்தான் வாசிப்பாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அங்கிள், பிள்ளையைப் போல எண்டா, அப்பா எந்த ஸ்கூலுக்குப் போனவர்?"

நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

"அப்பா நான் ஸ்கூல் தொடங்கேக்க என்ர பிரெப் புக்கை வச்சுத்தான் ஏபிசி பழகினவர். தமிழ் கடைசி வரைக்கும் வாசிக்கத் தெரியாது. அது எந்த வீடு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை," என்றேன்.

அவள் தாளை மடித்தாள். கோபப்படவில்லை. "அப்பா ஹொஸ்பிட்டல்ல வச்சு எல்லாம் சொன்னவர். கல்வெட்டை உங்களிட்டத்தான் குடுக்கவேணும் எண்டவர். அங்கிள் தானாவே எழுதுவார் எண்டவர்."

அவள் போன பிறகும் அந்தக் கதிரையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் என் வாயிலிருந்து எதைக் கேட்க வந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பழைய வரியை அழித்துவிட்டு, என் அப்பாவின் பெயரையும் ஊரையும் போட்டு எழுதினேன்: 'இதை எழுதுகிறவனின் வீட்டில், பன்னிரண்டு வருடம், அடிமையாக இருந்தார்.'

அந்தியேட்டியன்று மண்டப வாசலில் நின்று நானே கொடுத்தேன். அக்கா நின்ற நிலையில் வாசித்தாள். புத்தகத்தை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மகள் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் இருத்தினாள். வாழையிலையில் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் பந்தியில் இருந்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழும்பும்வரை நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.