மதுரையில் இறங்காத விமானமும் போடி அன்னக்கொடியும்

உங்கள் விமானம் கடைசியாகத் தாமதமானபோது எந்த விதவையைத் திட்டினீர்கள்?

யாரையும் திட்டியிருக்க மாட்டீர்கள். பலகையில் ‘மோசமான வானிலை’ என்று வந்தது. முனகிக்கொண்டே ஒரு காப்பி வாங்கிக் குடித்தீர்கள், அவ்வளவுதான். சரி. அந்த விமானத்தில் உங்கள் வீட்டு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்து, அவரை அழைத்துவரக் கிளம்பிய காருக்கு எதிரே ஒரு விதவை வந்திருந்தால்? அப்போதும் வானிலையைத்தான் சொல்லியிருப்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். போடிநாயக்கனூரில் அன்னக்கொடி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தப் பதில் வேண்டும்.

அன்னக்கொடிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஏலக்காய் பறிக்கப் போகிறவர். விடியும் முன்பே பழைய சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவார். பெண்களை நெருக்கி அடைத்துக்கொண்டு ஜீப் போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும். ஏலக்காய்ச் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். ஆகவே நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும். உங்கள் பாயசத்தில் மணப்பது இப்படி ஒருவரின் இடுப்புவலி.

கணவர் ராமரும் அதே மலையில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலை கண்டபோது மருத்துவமனைக்குப் போகாமல் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு இருந்தது, ஆள் போய்விட்டார். மந்திரித்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘புருசனை முழுங்கிட்டா’ என்று அன்னக்கொடியைத்தான் சொன்னார்கள். அப்போது மகள் பானுப்பிரியா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளைக் கல்லூரி வரை படிக்க வைத்தது அந்த மலைதான். இப்போது ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

மாப்பிள்ளை முத்துக்கண்ணன் ராசிங்காபுரத்துக்காரர். சிங்கப்பூரில் ஏசி பழுதுபார்க்கும் வேலை. அப்பா பெரியகருப்பன், அம்மா பேச்சி, விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், ஐப்பசியில் பரிசம் போடுவது என்று முடிவானது. பரிசத்துக்கு முந்தின நாள் மதியம் முத்துக்கண்ணன் மதுரையில் இறங்க வேண்டும்.

அந்த நாள் காலையில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது. மலையடிவாரத்தில் மழை. அன்னக்கொடி போனபோது ஜீப் ஓட்டுநர் ஈஸ்வரன் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“மேல மண்ணு சரிஞ்சு கெடக்காம். மஞ்சு வேற எறங்கிருச்சு, முன்னாடி போற வண்டி தெரியல. இன்னிக்குச் சோலி இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

பிளாஸ்டிக் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு அன்னக்கொடி திரும்பி நடந்தார். கடைத்தெரு முக்கில் ஒரு கார் நின்றது. மாலை வாங்க நிறுத்தியிருந்தார்கள். உள்ளே, மகனை அழைத்துவர மதுரைக்குப் புறப்பட்ட பெரியகருப்பனும் பேச்சியும். அன்னக்கொடி கண்ணாடிப் பக்கம் போனார்.

“கெளம்பிட்டீங்களா அண்ணே? வாங்க மதினி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.”

பேச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டார். மழைச்சாரலுக்காக ஏற்றுகிறார் என்று அன்னக்கொடி நினைத்துக்கொண்டார்.

மதியம் விமானம் மதுரை வரைக்கும் வந்தது. இறங்கவில்லை. எவ்வளவு கருவிகள் இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு இறங்கி வந்ததும் விமானியின் கண்ணுக்கு ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே ஏற்றிவிட வேண்டும். அதுதான் விதி. அன்று மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. இரண்டு முறை முயன்றார். பிறகு எரிபொருளைக் கணக்கில் கொண்டு, வானம் தெளிவாக இருந்த திருவனந்தபுரத்துக்குத் திருப்பினார். அங்கே காத்திருந்ததில் விமானிகளின் வேலை நேரம் தீர்ந்துபோனது. களைத்த விமானி ஓட்டக் கூடாது என்பதும் விதி. மாற்று ஆட்கள் வரும் வரை பயணிகளுக்குக் கிடைத்த ஒரே தகவல், ‘இன்னும் கொஞ்ச நேரம்’. அப்படியே மறுநாளும் வந்துவிட்டது. குறித்த நல்ல நேரத்தில் பானுப்பிரியா புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் ராசிங்காபுரத்திலிருந்து பாண்டித்துரை வந்தார். இரண்டு வீட்டுக்கும் உறவு, சம்பந்தம் பேசி முடித்தவர். உட்காராமலே சொன்னார்.

“கல்யாணத்த நிறுத்தலத்தா. ஆனா பேச்சி ஒரே புடியா நிக்குது. கெளம்பையிலயே நீ எதுக்க வந்துட்டியாம். இனிமே பரிசம்னாலும் தாலி கட்டுனாலும் நீ முன்னாடி வரக் கூடாதாம். ஒன் கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் தட்டு மாத்தட்டும். நீ சமையக்கட்டுல இருந்துக்க.”

“சரிண்ணே. பிள்ள நல்லா இருந்தாப் போதும்,” என்றார் அன்னக்கொடி. “நானும் வேற தெருவுல வந்திருக்கணும்.”

இந்தக் கடைசி வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேச்சி சொன்னதைக்கூட மறந்துவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவரே தலையைக் குனிந்து ஒப்புக்கொள்ளும்படி ஒரு சமூகம் பழக்கி வைத்திருக்கிறதே, அதற்கு எத்தனை தலைமுறை உழைத்திருக்க வேண்டும். பானுப்பிரியா அன்று அம்மாவோடு சண்டை போட்டாள். “நீ சமையக்கட்டுல இருக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம்” என்றாள். “வாயக் கழுவு” என்றார் அம்மா.

அடுத்த நாள் மலைப்பாதை திறந்தது. ஜீப்பின் முன் இருக்கையில் அன்னக்கொடி வழக்கம்போல உட்கார்ந்தார். கதை அதற்குள் போடி முழுக்கப் போயிருந்தது.

“ஏக்கா, சிங்கப்பூர் பிளேனையே நிறுத்திப்புட்டியாமே,” என்றார் ஈஸ்வரன். “இந்த ஓட்ட ஜீப்ப மட்டும் ஏன் விட்டு வச்சிருக்க?”

பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். அன்னக்கொடி சிரிக்கவில்லை.

“கோவிச்சுக்காதக்கா. நெசமாத்தான் கேக்குறேன். வருசக் கணக்கா காலையில மொத முழி ஒன் மொகத்துலதான். ஒரு வளைவுல கவுத்திருக்கேனா? வண்டி நின்னதெல்லாம் மஞ்சுக்கும் மண்ணுக்கும்தான்.”

“அப்படிப் பாத்தா இந்த ஜீப்புல பாதிப் பேரு அறுத்தவதான்,” என்றார் பின்னாலிருந்த சுருளியம்மாள். அவரும் கணவரை இழந்தவர். “இது கேரளா வரைக்கும் போயிட்டு முழுசாத் திரும்புதே. நம்ம ராசி மலையேறுனா மாறிருமோ?”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அன்னக்கொடியும் சிரித்தார். மெட்டு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பெரியகருப்பன், பேச்சி, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்திருந்த முத்துக்கண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். பிறகு முத்துக்கண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“மாப்ளே, அந்த பிளேன்ல எத்தன பேரு வந்தாங்க?”

“நூத்தம்பது பேருக்கு மேல இருக்கும் அத்தே.”

“அத்தன பேரு வீட்டுக் காருக்கும் நான்தான் எதுக்க வந்தேனா?”

பேச்சி சொன்னார்: “அவங்கவங்களுக்கு யாராச்சும் எதுக்க வந்திருப்பாக.”

“அப்ப அன்னிக்கு நூத்தம்பது அறுத்தவ ரோட்டுல நின்னிருக்கோம். கொட்டுற மழையில எங்களுக்கு வேற சோலி இல்ல.”

பெரியகருப்பன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“மதினி, அன்னிக்கு ஜீப்பு போயிருந்தா நான் மலையில காய் எடுத்துக்கிட்டு இருந்திருப்பேன். மழதான் என்னய மலை ஏற விடல. அதே மழதான் மாப்ளைய எறங்க விடல. கேக்குறதுன்னா மழையக் கேளுங்க.”

உண்மை இவ்வளவுதான். ஒரே மேகக்கூட்டம் மலையில் மண்ணைச் சரித்தது, மதுரையில் ஓடுபாதையை மறைத்தது. ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் மூத்தது இளையதைப் பெற்றது என்று சொன்னால் சிரிப்போம். சகுனம் பார்க்கிறவர்கள் தினமும் அதைத்தான் சொல்கிறார்கள்.

முத்துக்கண்ணன் இதுவரை ஆள் கணக்கைத் தவிர எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? விமானி ஒலிபெருக்கியில் காரணத்தைச் சொன்னபோது அதைக் கேட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். தெரிந்திருந்தும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தவர்களின் இந்த அமைதிதான் பேச்சியின் நம்பிக்கைக்குச் சோறு போடுகிறது.

அன்னக்கொடி எழுந்தார். “நான் சமையக்கட்டுல இருக்க மாட்டேன். எம் பிள்ளைக்குத் தட்டு நான்தான் மாத்துவேன். ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அப்போதுதான் முத்துக்கண்ணன் அம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, ரெண்டு தடவ எறங்கப் பாத்தாரு. சன்னல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் தெரியல. துணிஞ்சு எறக்கியிருந்தா இன்னிக்கு நீ என்னயப் பாத்திருக்க மாட்ட. லேட்டானதுக்கு அவருக்குத்தான் கும்புடு போடணும். அத்தைய எதுக்கு வையிற?”

“ஊரு என்னடா சொல்லும்?”

“ஊரு பிளேன்ல வரலம்மா.”

பேச்சி மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. “என்னமோ பண்ணுங்க, நாளைக்கு ஒண்ணுன்னா என்னயக் கேக்காதீங்க” என்று உள்ளே போய்விட்டார். பெரியகருப்பன்தான் அன்னக்கொடியைப் பஸ் வரை கொண்டுவிட்டு, “கார்த்திகையில வச்சிக்கிருவோம்த்தா” என்றார்.

கார்த்திகையில் பரிசம் நடந்தது. வெற்றிலை, தேங்காய், பூ வைத்த தட்டை அன்னக்கொடி இரண்டு கையாலும் நீட்டினார். பேச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வாங்கினார், ஆனாலும் வாங்கினார். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர்களுக்குப் போட்ட இலையில் அன்னக்கொடியே உட்கார்ந்து சாப்பிட்டார்.

தை மாதம் கல்யாணம். தாலியைத் தட்டில் வைத்துக் கூட்டத்தில் கொண்டுவரும்போது பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அன்னக்கொடி தொடலாமா என்று ராசிங்காபுரத்தில் இப்போதே பேச்சு நடக்கிறது. “தொடுவேன்” என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னாலும், அந்த நேரத்தில் தானே பின்வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஜீப்பில் சுருளியம்மாளிடம் கேட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு விசேஷத்துக்குத் தேதி குறித்திருப்பீர்கள். அன்று கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும், உங்கள் அத்தையாகவோ அக்காவாகவோ இருப்பார். கூப்பிடுங்கள். “நான் வேண்டாம்ப்பா” என்பார். அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். தாலித் தட்டை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, அவர் நிற்கும் இடத்துக்கே போங்கள்.