இரைச்சலோடு வந்த குரல்

குவைத்தில், ஃபஹாஹீலில் நான் ஓட்டுகிற கம்பெனி பிக்கப் வயசானது. ப்ளூடூத் கிடையாது. யு.எஸ்.பி. ஓட்டையில் யாரோ சூயிங்கத்தை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சி.டி. மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால் வெள்ளிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனால் சி.டி. ஏதாவது கிடைக்குமா என்று கிளறுவேன். வேலை முடிந்து நாடு திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் விட்டுப்போகும் அட்டைப்பெட்டிகள் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அப்படி அகப்பட்ட ஒன்றின் அட்டையில் தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனிதர், மடியில் கித்தார். என்ன பாட்டென்று தெரியாது, முகத்துக்காக வாங்கினேன். சட்டம் போட்டு மாட்டின பெரியவர் படம் மாதிரி நேராக நம்மையே பார்க்கிற முகம்.

போட்டதும் முதலில் வந்தது இரைச்சல். சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம். சி.டி. அழுக்கு என்று நினைத்து எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அதே கடுகு. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னாலிருந்து, சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாற்போல ஒரு குரல் வந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் கிழித்தார்கள்.

நான் படித்தது பத்தாவது வரைக்கும். மிச்சத்தை மொபைல்தான் சொல்லிக்கொடுத்தது. இதற்கு ப்ளூஸ் என்று பேராம். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் அடிமையாகக் கிடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாடினது. நூறு வருஷம் இருக்கும். உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பியில் இழுப்பார்கள். கித்தார் அப்படியே மூக்கை உறிஞ்சும். அவர்களில் பல பேரைப் புதைத்த இடம்கூட இன்றைக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிற பெரும்பாலோர் இவர்கள் கட்டின வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர்கள்தான். நம் சினிமாவில் காதல் முறிந்ததும் பின்னால் ஒரு கித்தார் இழுத்து அழுமே, அதற்கும் பூர்வீகம் அந்த உடைந்த பாட்டிலின் கழுத்துதான்.

பாட்டின் கட்டு ரொம்ப எளிசு. ஒரு வரி பாடுவார். அதையே இன்னொரு தரம் பாடுவார். மூன்றாவதாக வருகிற வரி அந்த இரண்டுக்கும் பதில் சொல்லும். அதோடு அந்தக் கஷ்டம் முடிந்து அடுத்த கஷ்டம் ஆரம்பிக்கும்.

ரூமிலும் மொபைலில் தேடிப் பிடித்துப் போட்டேன். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கிறவன் பெரம்பலூர்ப் பக்கம். ஏ.சி. டக்ட் மாட்டுகிற வேலை. அவன்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, யாருண்ணே செத்துட்டா?”

“யாரும் சாவலடா. பாட்டுடா.”

“இது பாட்டா? எழவு வீட்டுல மைக்செட்டு ரிப்பேரான மாதிரில்ல இருக்கு.”

ரூமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “அங்க எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குது. இங்க இந்தாளு ஊளையிடுறான். நிறுத்துங்கண்ணே. சொல்லிட்டேன்.”

சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது, அது சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி என்று எங்கள் பக்கமும் சொல்வார்கள். அதனால் நான் வாதாடவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் பிக்கப்பில் மட்டும்தான் பாடினார்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். “உசுரோட மூஞ்சப் பாத்துடணும்ணே. அது போதும்.” ஆனால் விசா கொடுத்த பழைய முதலாளியான கஃபீலிடமிருந்து புதிய கம்பெனிக்கு மாறுகிற வேலை பாதியில் நின்றிருந்தது. அது முடியாமல் ஊருக்குக் கிளம்ப வழியில்லை. அம்மா போனில் “எப்பய்யா வர்ற?” என்று கேட்கும்போதெல்லாம் “பேப்பரு வந்துரும்மா” என்பான். பேப்பர் என்றால் என்ன என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. வருகிற யாரோ ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டு, “அவரு வந்ததும் சாப்பாடு போட்டுக் கூட்டியா” என்று ஒருநாள் சொன்னதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் லேசாகச் சிரித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா போய்விட்டது.

ஊரில் அவன் தம்பி வீடியோ கால் போட்டு மொபைலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் எல்லோரும் கீழ்க்கட்டிலைச் சுற்றி நின்றோம். படம் தெளிவாக இருந்தது. பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் பறை அடிக்கிறவர்களின் கைகள் பறக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. “அண்ணே, தெரியுதா?” என்று தம்பி கேட்டது கணீரென்று வந்தது. அவன் வாயை மூடினதும் எல்லாம் ஊமை.

“சத்தத்தக் காணமேடா! கிட்ட கொண்டு போடா.”

கிட்டே கொண்டுபோனான். “மகராசி...” என்று அரை வார்த்தை வந்து அறுந்தது. ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தோம், ஒருத்தன் மொபைலைத் தட்டிப் பார்த்தான். மொபைல் கடையில் வேலை செய்கிற ஒருத்தன் எங்கள் ரூமில் உண்டு. அவன் மெதுவாகச் சொன்னான்: “போனுல கோளாறு இல்லண்ணே. கால்ல பேச்ச மட்டுந்தான் அனுப்பும். மத்தத இரைச்சல்னு வெட்டி விட்டுரும்.”

“அழுகையையுமா வெட்டும்?”

“கூட்டமா அழுதா அதுக்கு எப்படிண்ணே தெரியும்?”

சத்தமே இல்லாமல் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அழுவதற்கு எங்கோ பிடி கிடைக்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் என்னிடம் வந்தான். “அண்ணே, வண்டிச் சாவி இருக்கா?”

கடற்கரைப் பக்கம் போகக் கேட்கிறான் என்று நினைத்தேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, “அந்தாளப் போடுங்கண்ணே” என்றான்.

“எந்தாள?”

“ஊளையிடுவாருல்ல. அவரத்தான்.”

போட்டேன். கடுகு வெடித்தது. அவன் காதுக்கு உறுத்துமோ என்று சத்தத்தைக் குறைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். “இருக்கட்டும்ணே. இத்தன இரைச்சலுக்குள்ளாறயும் வருதுல்ல.”

குரல் வந்தது. ஒரு வரி. அதே வரி மறுபடியும்.

“யார நெனச்சி அழுவுறாரு?”

“தெரியலடா. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஏது? யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க போல.”

“பேரு எதுவும் சொல்லலல்ல?”

“சொல்லல.”

“அப்ப சரி. எங்கம்மாவுக்குன்னு வச்சிக்குவோம்.”

அடுத்த பாட்டில் அவர் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதை எடுக்கும்போது இவன் வாயைத் திறந்தான். பாடவில்லை, சொன்னான், அவ்வளவுதான். “நான் வரலியேம்மா.” அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்த்த கட்டடத்து ஏ.சி.களில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சி.டி. முடிந்து தானாக முதலிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

மேலே வந்ததும் அவன் துண்டை எடுத்துக்கொண்டு நேரே குளிக்கப் போனான். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்த வெயிலில் கொதித்துக் கிடக்கும். அந்த நேரத்தில் யாரும் குளிக்க மாட்டார்கள். எழவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் ரூமுக்குள் எப்படிக் கால் வைப்பது? அவன் வெளியே வருகிறவரை வராந்தாவில் நின்றிருந்துவிட்டு நானும் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.