இரண்டு தண்ணீரில் களைந்த அரிசி

முதலில் எங்கள் வீட்டு மாட்டுக்குத்தான் தெரிந்தது. அதன் தொட்டியில் அரிசி களைந்த தண்ணீர் நிரம்பி வழிந்தது. ஊரில் எல்லாரும் இரண்டு தண்ணீரில் களைந்து உலையில் போடுவார்கள். என் மனைவி ஆரோக்கியமேரி, தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். சுத்தக்காரி என்று கேலி செய்தேன்.

நான் திருவையாற்றுக்குப் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவன். ஒருமுறை வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த சமயம் எங்கள் மகள் ஜெனி வாந்தி எடுத்தாள். வெறும் அஜீரணம், மறுநாளே ஓடியாடினாள். ஆனால் தன் கை வழியாக மருந்து பிள்ளையின் வயிற்றுக்குள் போய்விடும் என்ற பயம் மேரியைப் பிடித்துக்கொண்டது. கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்தது. கடைசியில் மகளுக்குச் சோறு ஊட்டுவதையே விட்டுவிட்டாள். அம்மாதான் ஊட்ட வேண்டும் என்று ஜெனி அழுவாள். மேரி அடுப்படியில் நின்று அழுவாள். நான் ஸ்பூனோடு நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

அவள் நிம்மதிக்காகச் சொந்த நெல்லை விற்றுவிட்டுக் கடையில் அரிசி வாங்கினேன். "மிராசுதாரு கடை அரிசிதான் சாப்பிடுவாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். கடை அரிசியும் யாரோ ஒருவர் வயலில் விளைந்ததுதானே என்று அவளுக்குத் தோன்றியதும், அதையும் ஓயாமல் களைய ஆரம்பித்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் அவளுக்கு ஒரே வேண்டுதல், பிள்ளைக்கு ஊட்ட வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவர் ஓ.சி.டி. என்றார் (வேண்டாத எண்ணம் விடாமல் வர, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்).

"பைத்தியமா டாக்டர்?" என்று கேட்டாள் மேரி.

"இல்லம்மா. மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தா நல்லாக் குறையும்."

பயிற்சிக்கு எதிர்கொள்ளல் சிகிச்சை என்று பெயர் (பயப்படும் பொருளைப் படிப்படியாக நெருங்கி, கழுவாமல் இருந்து பழகுவது). அதை நடத்திய உளவியலாளர் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"சுத்தமா இருக்கான்னு அவங்க கேட்டா, தெரியலன்னு மட்டும் சொல்லுங்க."

"பாவமா இருக்குமேங்க."

"இருக்கும். ஆனா சுத்தமா இருக்குன்னு நீங்க சொன்னா கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேப்பாங்க. சந்தேகத்தோட இருந்து பழகட்டும்."

மேரி எங்கள் வயல் நெல்லுக்குள் கையை விட்டு எடுத்து, அப்படியே உட்கார்ந்திருப்பாள். வியர்த்துக் கொட்டும், உதடு நடுங்கும். பயம் ஏறி, நின்று, தானாக இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். காவிரியில் புதுவெள்ளம் வரும்போது பாலத்திலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து வாய்பிளந்திருக்கிறேன். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை குதிப்பார்கள். இவள் தினமும் குதித்தாள்.

சில நாள் தாங்காமல் குழாயடிக்கு ஓடிவிடுவாள். "இன்னிக்குப் போச்சு. நாளைக்குப் பாப்போம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். மறுநாள் சாக்கைப் பிரித்துவிடுவாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பிடிவாதம் என்று திட்டாதீர்கள். வெளியே தெரியாமல் அவர் படும் பாடு பெரிது. மேரிக்கு இன்றும் மாத்திரை உண்டு. எண்ணமும் எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

தை பிறந்ததும் முதல் அறுப்பின் கதிரைக் கோவிலில் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்கி வந்தோம். அந்தப் புது நெல்லின் அரிசியை மேரி இரண்டு தண்ணீரில் களைந்து உலையில் போட்டாள். சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, ஓர் உருண்டையை ஜெனியின் வாயருகே கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நாளில் அவள் பயம் எனக்கும் ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

"மேரி, ரெண்டு தண்ணி போதுமா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியலங்க" என்று சொல்லிக்கொண்டே ஊட்டினாள்.

வெடிப்பு ஆறிய விரல்களில் சோற்றின் சூடு தெரிவதாகச் சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை கை கழுவினாள். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்ததால் மாட்டுக்குத்தான் ஏமாற்றம். முன்பெல்லாம் கழுவுவதிலேயே போய்விடும் மத்தியானம் முழுவதும் மீதமிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.