ஒரு தடவைக்கு மேல் யாரும் வாங்காத பூவாசனை

பூவை வைத்துத் தொழில் செய்கிறவள் வீடு கமகமவென்று மணக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வர வேண்டும். காய்கிற இதழும் உருகுகிற மெழுகும் சேர்ந்து அடிக்கிற நெடியில் பூனைகூட வாசலோடு திரும்பிவிடுகிறது.

வீட்டிலேயே சோப்பு, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி என்று எதையாவது செய்து விற்கப் பார்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறுசேரியில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, செங்கல்பட்டுப் பூக்கடைகளில் சாயங்காலம் மிஞ்சுகிற ரோஜாவையும் சாமந்தியையும் அள்ளிக்கொண்டு வந்து இதில் இறங்கினேன். வாங்கியவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள் இல்லை. தீபாவளியன்று என் கணவர் பொறுமையாகச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள ஒருத்தராவது ரெண்டாவது தடவ வந்து வாங்கட்டும், நான் வாயே தொறக்கல. இல்லன்னா நீ மறுபடியும் ஆபீஸ் கேப்ல ஏறிடு."

பெண் பார்க்க வந்தவர்கள்

இதழ்களை மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து உலர்த்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் அத்தனையும் கிளம்பிப் போய்த் தெரு நெடுக இறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தெருவில் பூ இறைந்து கிடந்தால், அந்த வழியாகப் பிணம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்குப் பார்த்து எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க மதுராந்தகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் துடைப்பத்தோடு ஓடுவதற்குள் கார் வந்து நின்று, அப்படியே திரும்பிப் போயேவிட்டது. எதிர் வீட்டு அக்கா என்னோடு சண்டைகூடப் போடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கார வுட்டு எறங்கவே இல்லம்மா. கண்ணாடிய எறக்கி, 'சாவு யார் வூட்ல'ன்னு கேட்டுட்டுப் பூட்டாங்க" என்றார்.

ரோஜா சோப்பு

சோப்பில் சேர்க்கிற காஸ்டிக் சோடாவுக்கு ரோஜா இதழ் தாங்காது, பழுப்பாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் போட ஒரு டீச்சர் வாங்கிப் போனார். ஆகா, ஊர் முழுக்க நம் சோப்பு போகப்போகிறது என்று மிதந்துகொண்டிருந்தேன். மறுநாள் போன் வந்தது.

"உள்ள கரப்பான் ரெக்கை மாதிரி ஒட்டிட்டிருக்கும்மா. எங்க நாத்தனார், இது குளிக்கறதுக்கா, இல்ல பூச்சி மருந்தான்னு கேக்கறாங்க."

கடற்கரைக் கடை

சரி, ஊர்தான் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று சனி ஞாயிறுகளில் மாமல்லபுரத்தில், சிப்பி மாலை விற்கிற கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டேன். கடல் காற்றில் அப்பளம் மட்டுமல்ல, ஊதுவத்தியும் நமத்துப்போகும். சுற்றிப் பார்க்க வந்த பையன் ஒருவன் முன்னால் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். வத்தி புகையவே இல்லை. அவனுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"அக்கா, இத்தக் கொளுத்தறதுக்கு வேற நல்ல ஊதுவத்தி எதுனா வெச்சிருக்கியா?"

திரும்பி வந்தவர்

பொங்கல் நெருங்கியது. கேப் டிரைவருக்கே போன் பண்ணி விசாரித்துவிட்டேன். அந்த வாரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிற ஒரு அம்மா நேராக என் மேஜைக்கு வந்தார். காய்ந்த பூவைப் பொடித்துப் போட்டு நான் செய்த கப் சாம்பிராணியில் கார்த்திகை மாதம் ஒரு பாக்கெட் வாங்கியவர். "அதே வாசனதான் வோணும். இன்னும் கீதா? கீறதெல்லாம் குடு" என்றார்.

உடனே கணவருக்குப் போன் போட்டு, "நீங்களே கேளுங்க!" என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் காதிலும் விழட்டும் என்றுதான், அந்த அம்மாவிடம் இதில் அப்படி என்ன பிடித்தது என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன். அவர் கவரை மூக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரு பூட்டப்ப போட்ட மாலை வாசன அப்டியே வர்தும்மா. இத்தக் கொளுத்தி வெச்சா, இன்னும் அவர எட்த்துகினு போவல, வாசல்லயே படுத்துகினு கீறாருன்னு தோணுது."

கேப் பேச்சு அன்றோடு நின்றது, என் தொழிலும் பிழைத்துக்கொண்டது. ஆனால் தன்னுடைய ஒரே வாடிக்கையாளர் சீக்கிரம் தன்னிடம் வருவதை நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிற வியாபாரி இந்தக் கரையோரத்தில் நான் ஒருத்திதான்.