மழை என்று எழுதிக் கொடுத்தேன்

கல்லூரியில் நான் படித்தது ஜியாலஜி. பரீட்சையில் எரிமலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். எரிமலையே இல்லாத ஜில்லாவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று வருடம் மின்சார ரயிலில் நின்றபடியே போய்வந்து படித்த படிப்பு, கடைசியில் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு செம்மண் குவாரியின் எடைமேடை அறையில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. லாரி மேடையில் ஏறும், எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். புதிதாக வரும் கம்பெனிகளின் பள்ளமான மனைகளை நிரப்ப எங்கள் மண் போய்க்கொண்டிருந்தது.

பொக்லைன் ஓட்டியவர் மீஞ்சூர்க்காரர். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். எங்கள் குடும்பமும் அப்படித்தான். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை என் மேஜையில் வைத்தார்.

“இன்னாம்மா இது? யாரோ செதுக்கி வச்ச மாரி கீது.”

பலகையாகப் பிளந்த கல். நடுவில் ஒரு நரம்பு, இரு பக்கமும் சீப்பின் பற்களைப் போலச் சின்னச் சின்ன இலைகள். புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்தேன்.

“செதுக்கலண்ணா. நெஜ இலை. சேத்துல வுழுந்து, மேல மேல சேறு மூடி, கல்லா ஆயிடுச்சு. மனுசனே இல்லாத காலம்.”

“இத்தினி வருசமா நான் சும்மா மண்ணுதான் வெட்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்று சிரித்தார்.

மேலே இருக்கும் சிவப்பு, பாறை வெயிலிலும் மழையிலும் செத்து உதிர்ந்தது என்றும், அடியில் இருக்கும் வெள்ளை, பழைய கடலோரத்துச் சேறு என்றும் சொன்னேன். வகுப்பில்கூட யாரும் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அந்தக் கல்லை மேனேஜரிடம் காட்டியது என் முட்டாள்தனம். “இதெல்லாம் வெளிய தெரிஞ்சா ஆபீசருங்க வந்து கயிறு கட்டி வேலைய நிறுத்திடுவாங்கம்மா” என்றவர், வெளியே போய், அங்கே நின்றுகொண்டிருந்த லாரியின் மண்ணுக்குள் அதை எறிந்தார். நான் அந்த லாரிக்குச் சீட்டுப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்து நான்கைந்து நாள் விடாமல் பெய்தது. விட்டதும் மேட்டின் மேல் நடந்து பார்த்தேன். வெட்டிய விளிம்புக்கு இணையாக நீளமாக ஒரு விரிசல், விரல் நுழையும். சிவப்பு மண் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அடியில் இருக்கும் வெள்ளைக் களி விடாது, ஊறி வழுக்கும். அதன்மேல் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர்போல் செங்குத்தாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். விரிசலின் இரு பக்கமும் குச்சி அடித்துத் தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்தேன். மூன்றாம் நாள் உள்ளங்கையே நுழைந்தது.

மேனேஜரிடம் போனேன். “சார், கீழ வேலைய நிறுத்திட்டு, மேலேருந்து படிப்படியா வெட்டினு வரணும் சார்.”

“படி வெட்டுனா பாதி மண்ணு படியிலயே பூடும். நீ சீட்டுப் போடத்தானே வந்த?”

மறுநாள் காலையில் பொக்லைனில் ஏறப்போன மீஞ்சூர்க்காரரை நிறுத்தி, மேலே அழைத்துப்போய் விரிசலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அதற்குள் ஒரு கல்லைப் போட்டார். விழுந்த சத்தம் வரவில்லை.

“நீ சொல்றது புரியுதும்மா. நான் எறங்கிட்டா வேற ஒருத்தன் ஏறுவான். நாளைக்கு எனக்கு வண்டி இருக்காது.”

“இன்னிக்கு மட்டும் லீவு போடுங்கண்ணா.”

“ஓரமாவே எடுக்கறேன், போ.”

பதினோரு மணி இருக்கும். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஈர மண், தூசிகூட எழவில்லை. நான் வெளியே ஓடிவந்தபோது சுவர் இருந்த இடத்தில் ஒரு சரிவு இருந்தது. பொக்லைனின் மஞ்சள் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு வண்டி வந்து அவர் உடலை எடுக்க மதியம் மூன்று மணியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என் அறைக்கு வந்தார். முதல்முறையாக என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “நீ அந்தப் படிப்பே படிச்ச பொண்ணு. மழையால வந்த இயற்கை நிலச்சரிவுன்னு எழுதிக் குடு. அப்பத்தான் அந்த ஊட்டுக்கும் எதுனா கெடைக்கும்.” அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

எழுதினேன். தண்ணீர் இறங்கும் அடுக்கு, தண்ணீர் இறங்காத அடுக்கு, நடுவில் வழுக்கும் தளம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. செங்குத்தாக வெட்டியதையும் நான் அளந்ததையும் மட்டும் எழுதவில்லை. சீட்டுப் புத்தகத்தின் அந்தத் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுவருடம் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மீஞ்சூர் ஸ்டேஷனில் பொக்லைன்காரரின் மனைவி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“மழைன்னு எழுதிக் குடுத்தது நீதானாமே. கல்லப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிடும் அந்தப் பொண்ணுன்னு ஊட்ல சொல்லிக்கினே இருப்பாரு.”

“நான் முன்னாடியே சொன்னேங்க்கா. அண்ணாகிட்டயும் சொன்னேன், மேனேஜர்கிட்டயும் சொன்னேன்.”

“பேப்பர்ல சொன்னியா?”

ரயில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஏறவில்லை.

அந்த வாரமே நடந்ததையெல்லாம் எழுதி, கிழித்த தாளையும் இணைத்துத் திருவள்ளூர் கனிமவள ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அதிகாரி பழைய கோப்பை வரவழைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுவும் உங்க கையெழுத்து, அதுவும் உங்க கையெழுத்து. எதைம்மா நம்பறது?”

“இப்ப எழுதினதை சார்.”

“மொதல்ல எழுதினது ரொம்ப நல்லா இருந்துச்சு. விவரமா இருந்துச்சு.” பழைய கோப்பை மட்டும் கட்டினார். வாங்கிக்கொண்டதற்கு ஒரு முத்திரை கேட்டேன். சாப்பாட்டு நேரம், பிறகு வாருங்கள் என்றார். இரண்டரை மணிவரை வராந்தாவில் நின்றேன். திரும்பி உள்ளே போனபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. என் காகிதம் மேஜையில் இல்லை.