ஆபீசரின் இடது இறக்கை

வெட்டிய முனையைத் தன் பக்கம் திருப்பி ஒரு கணம் பார்க்கிறார் கெம்பம்மா. தண்டின் நடுவில் வெள்ளை தெரிந்தால் அடுத்த செடிக்குப் போகிறார். காப்பி நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தாலும் அதே குச்சியில் இரண்டு விரல் கீழே இறங்கி இன்னொரு வெட்டு, மறுபடி ஒரு பார்வை. கத்தரியின் வாயைச் சட்டைக் கையில் துடைத்துக்கொள்கிறார். புடவைமேல் அவர் போட்டிருப்பது கணவரின் பழைய கம்பெனிச் சட்டை. சட்டைப் பையின்மேல் இருந்த கம்பெனிப் பெயர் வெளுத்து, கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"கஞ்சத்தனமா வெட்டுனா கருப்பு கீழ எறங்கிடும் சார். ஒரு குச்சிக்குப் பாவம் பாத்தா செடியே பூடும்."

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து பார்த்தால் ஏதோ தொழிற்சாலைக் கொட்டகை போலத் தெரியும் ரோஜாப் பண்ணை அது. வெள்ளை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பிப்ரவரியில் பூக்க வேண்டிய செடிகளுக்கு டிசம்பரில் குச்சிகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கும். களை பறிக்க வந்த கெம்பம்மா இப்போது கவாத்துக் கூட்டத்தின் தலைவி. அவர் ஒரு வரிசை முன்னால் போவார். மற்ற பெண்கள் அவர் வெட்டின உயரத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். பண்ணைக்காரரிடம் கன்னடம் பேசுகிறார், மருந்தடிக்கும் ஆளிடம் தெலுங்கு. திட்டுவதற்குத் தமிழ்தான். "அதுலதான் நல்லா வருது" என்கிறார்.

கத்தரி இல்லாத நேரத்திலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. கல்யாண வீட்டில் யார் கழுத்து மாலை என்றும் பார்க்காமல் வாடிய இதழைக் கிள்ளிவிடுவார். டீக்கடையில் வாய் உடைந்த கண்ணாடி டம்ளர் வந்தால் குடித்து முடித்ததும் திருப்பித் தரமாட்டார், ஓரமாக வைத்துவிட்டு, "இது போயிடுச்சு, தூக்கிப் போடு" என்பார். பழைய செருப்பு, ஓட்டைக் குடம், கூடிவராத கல்யாண சம்பந்தம், எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே தீர்ப்புதான். போயிடுச்சு.

ஆனால் ஆபீசர் விஷயத்தில் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை.

ஆபீசர் ஒரு வாத்து. காவேரிப்பட்டினம் பக்கம், தங்கை வீட்டுக்கு அருகே, அறுவடையான வயலில் வாத்து மேய்க்க வந்தவர்கள் விட்டுப்போன குஞ்சு. கட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார் கெம்பம்மா. வளர்ந்ததும், நெஞ்சை நிமிர்த்தி, வாசலில் கிடக்கும் ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்துவிட்டு ஒரு குறை சொல்லி நகரும் நடையைக் கண்டு தெருவே வைத்த பெயர் அது. பெட்டை என்று தெரிந்து முட்டை வைத்த பிறகும் பெயர் மாறவில்லை. "பொம்பள ஆபீசர் இருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார் கெம்பம்மா. பண்ணை வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அது கத்திக்கொண்டு ஓடிவரும். வேனிலிருக்கும் பெண்கள், "யக்கா, செக்கிங் வந்துடுச்சு" என்பார்கள்.

கவாத்து மும்முரமாக நடந்த ஒரு நாள், வேன் திரும்பியபோது சத்தமில்லை. எதிர்வீட்டு நஞ்சம்மா கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். தெருநாய் ஒன்று கவ்வி இழுத்திருக்கிறது. துடைப்பத்தால் அடித்துத்தான் விடுவித்தாராம். ஆபீசர் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. இடது இறக்கை, பாதியில் எலும்பு முறிந்து, தோலில் தொங்கியது.

நஞ்சம்மா கோழி வளர்ப்பவர், நடைமுறை தெரிந்தவர். "ஏம்மே, மிளகு அரைக்கட்டா? இல்ல நீ இன்னுங் கொஞ்சம் பாத்துக்கினு நிப்பியா?"

"மொதல்ல உன் சேவலுக்கு அரை. அதுதான் காத்தால எவனையும் தூங்க வுடறதில்ல."

கணவர் மாதேஷ் ஓசூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறார். அளவு தப்பிய பீஸ்களைச் சிவப்புத் தொட்டியில் எறிவது அவருக்கும் பழக்கம். "இத சரி பண்ண முடியாது கெம்பி. எதுக்கு இழுக்கற?" என்றார். சொன்னாரே தவிர, விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர்தான்.

வெட்டுவதே தொழிலான கெம்பம்மா அன்று வெட்டவில்லை. ஒட்டுப் போட்டார். நாட்டு ரோஜாத் தண்டில் நல்ல ஜாதிச் செடியின் துளிர்க் கண்ணை வைத்துக் கட்டுவார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் நாடா வீட்டில் ஒரு சுருள் இருந்தது. எலும்பை நேர் பார்த்து, இறக்கையை உடம்போடு சேர்த்து, காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டினார். அதற்குமுன், பெரிய கிளையை வெட்டிய இடத்தில் பண்ணையில் பூசும் நீலப் பசையைக் காயம் முழுக்கப் பூசினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசை அது. செடியில் புண் அழுகாமல் காக்கும்.

"கண்ணு ஒட்டற மாதிரி ஒட்டிக்கும்னு நெனச்சேன்" என்கிறார், குரலைத் தாழ்த்தாமல். "செடிக்கு ஒட்டுது. அதுக்கும் ஒட்டும்னுதான் பட்டுது. முட்டாத்தனம்."

ஒட்டவில்லை. இரண்டே நாளில் நாடாவுக்கு உள்ளே நாற்றம் கிளம்பியது. ஆபீசர் தண்ணீர்த் தொட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேன் சத்தத்துக்குக் கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுக்கொண்டது. மறுநாள் கெம்பம்மா பண்ணைக்குப் போகவில்லை. கவாத்து நேரத்தில் அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை என்கிறார்கள் கூட்டத்துப் பெண்கள். தலைவி இல்லாமல் அன்று வரிசைகள் ஏறியும் இறங்கியும் போய்விட்டன.

கால்நடை மருந்தகத்து டாக்டர் பொற்கொடி நாடாவைப் பிரித்ததும் நிமிர்ந்தார். "இது என்னம்மா நீலம்?"

"துத்தம் மேடம். செடிக்குப் பூசறது."

"இது செடியாம்மா?"

அதற்குமேல் அவர் கடிந்துகொள்ளவில்லை. பசையைக் கழுவித் துடைத்தெடுக்கவே வெகுநேரம் பிடித்தது. பிறகு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். இறக்கை பிழைக்காது. ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம். இல்லையென்றால் இறக்கையை எடுத்துவிடலாம். ஆடு மாட்டுக்குச் செய்த கை, வாத்துக்கு இதுதான் முதல். மேசையிலேயே போய்விடவும் கூடும். பிழைத்தால், ஓர் இறக்கையோடு வாத்து நன்றாகவே வாழும். "நீங்கதான் சொல்லணும்."

மாதேஷ் மெதுவாகச் சொன்னார்: "அனுப்பிடலாம் கெம்பி. ரொம்ப நொந்துடுச்சு அது."

கெம்பம்மா டாக்டரிடம் ஒன்று கேட்டார். அழுகின நுனியை மட்டும் எடுத்துவிட்டுப் பாதி இறக்கையை விட்டுவைக்கலாமா? பார்க்க இறக்கை மாதிரியாவது இருக்குமே?

"பாதி விட்டா பார்க்க நல்லாதான் இருக்கும். அழுகல் எதுவரைக்கும் போயிருக்குனு மேல பார்த்தா தெரியாதும்மா."

தினமும் வரிசை நெடுக மற்றவர்களுக்குத் தான் சொல்வதையே அந்த அம்மா திருப்பிச் சொன்னது போலிருந்தது என்கிறார் கெம்பம்மா. ஆனாலும் வெட்டச் சொல்லவில்லை. பையைத் திறந்தார். அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் எடுத்துவந்த ராகிக் களி டப்பாவில் இருந்தது. ஒரு துளி கிள்ளி, தண்ணீரில் நனைத்து, ஆபீசரின் அலகுக்கு முன்னால் நீட்டினார். அது பார்த்தது. கண்ணை மூடியது. மறுபடி திறந்தது. பிறகு வெடுக்கென்று களியோடு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"திங்குது மேடம். அப்ப மேலயே வெட்டுங்க. நல்லது தெரியற வரைக்கும் வெட்டுங்க."

"மரத்துப் போக ஊசி போடுவேன். ஆனா நீங்க புடிச்சுக்கணும். கை அசையக் கூடாது."

"கத்தரி புடிக்கற கை."

அந்தக் கை அசையவில்லை என்று டாக்டரும் சொல்கிறார். மாதேஷ் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாராம். எல்லாம் முடிந்து தையல் போடும் முன், கெம்பம்மா வெட்டிய இடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார். பொதுவாக யாரும் அதைக் கேட்பதில்லை. டாக்டர் காட்டினார். ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்று தலையசைத்தாராம்.

இப்போது ஆபீசருக்கு மூன்று பக்கம் கம்பி வலை போட்ட கூண்டு இருக்கிறது. நாலாவது பக்கம் நஞ்சம்மாவின் சுவர். "செவுத்துக்கு வாடகை முட்டையா வந்துடணும்" என்பது நஞ்சம்மாவின் நிபந்தனை. வேன் சத்தம் கேட்டால் பழையபடி கத்தல். ஓடும்போது வலதுபக்கம் சாய்கிறது, திரும்பும்போது கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டு, அதுதான் தன் உத்தேசம் என்பதுபோல நின்றுகொள்கிறது. மாதேஷ் பாதியாக அறுத்துக் கொடுத்த நீல டிரம்மில் நீந்துகிறது. நீச்சலில் ஒரு குறையும் இல்லை.

கஷ்டம் கரையேறிய பிறகுதான். வாத்துக்கு உடம்பை உதறி, இரண்டு இறக்கைகளையும் அடித்துக் காயவைக்க வேண்டும். இல்லாத இறக்கையையும் சேர்த்தே அடிக்கிறது. அடித்தால் நிலை தவறிக் கீழே விழுகிறது.

நான் போன அன்று கெம்பம்மா வாசலில் உட்கார்ந்து அடுத்த கவாத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புதுசாக வந்த பெண்களுக்கு இன்னும் கை வரவில்லை, குச்சியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயந்தால் கஞ்சத்தனம்தான் வரும். டிரம்மிலிருந்து இறங்கி வந்த ஆபீசர் அவர் காலடியில் நின்று கழுத்தை நீட்டியது. கெம்பம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கை மட்டும் தானாகக் கீழே இறங்கி, விரல்கள் விரிந்து, வாத்தின் இடது விலாவில் போய்ப் பதிந்தது. ஆபீசர் அந்த உள்ளங்கையில் சாய்ந்துகொண்டு, மிச்சமிருந்த இறக்கையைப் படபடவென்று அடித்தது.